கேமரா சிஸ்டம் மாத்தப் போறீங்களா? பழசை விக்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

"டாக்டர், நிக்கான்லேருந்து சோனிக்கு மாறலாமா?" எண்ணூர் முகத்துவாரத்துல எடுத்த படம் ஒண்ணு போட்டா போதும், இந்தக் கேள்வி இன்பாக்ஸ்ல வந்து நிக்கும். காய்ச்சலுக்கு மருந்து கேக்கறவங்களை விட இதைக் கேக்கறவங்கதான் அதிகம். தனித்தனியா பதில் எழுதி முடியல, மொத்தமா எழுதிடறேன். நீளமான த்ரெட். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

பதிலை முதல்லயே சொல்லிடறேன். மாறாதீங்க. உங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மாற வேண்டிய அவசியமே இல்ல. திருவொற்றியூர், ராயபுரம், தண்டையார்பேட்டைன்னு நம்ம பக்கம் கல்யாண ஆர்டர் எடுத்துக் குடும்பம் நடத்தற தம்பிங்களுக்கு இது வெட்டிச் செலவு மட்டும் இல்ல, ஆபத்தும்கூட. யூட்யூப்ல ஒருத்தர் "நான் ஏன் மாறினேன்"னு 20 நிமிஷம் பேசறார் இல்லையா, அவர் கையில இருக்கற கேமரா பல சமயம் கம்பெனி குடுத்து விட்டது. உங்க கையில வரப்போறது ஈஎம்ஐ.

சோனி மோசம்னு சொல்ல வரல. நல்ல கேமரா. கேனனும் நல்ல கேமரா, நிக்கானும் நல்ல கேமரா. மூணும் நல்லா இருக்கறதுனாலதான் மாற வேணாம்னு சொல்றேன்.

ஓபியில தினமும் நடக்கற ஒரு உரையாடல் இது. "சார், இந்த பிரஷர் மாத்திரை எனக்குக் கேக்கல, வேற எழுதிக் குடுங்க." உடனே மாத்தி எழுத மாட்டோம். தினமும் போடறீங்களா, எத்தனை மணிக்குப் போடறீங்க, கருவாடு ஊறுகாய் எல்லாம் எப்படின்னு கேப்போம். பாதிப் பேரு வாரத்துல மூணு நாள் மாத்திரை போடாம விட்டிருப்பாங்க. மருந்து தோக்கல, மருந்து உள்ளயே போகல. அப்ப மாத்திரையை மாத்தினா புது மாத்திரையும் அதே மாதிரிதான் "கேக்காது".

கேமராவிலயும் இதே கதைதான். "என் கேமராவுல ஃபோகஸ் நிக்கல டாக்டர், அதான் மாத்தறேன்." சரி, அந்தப் படத்தை 100 சதவீதம் பெருசு பண்ணிப் பாருங்க. பொண்ணோட கண்ணு மங்கலா இருந்து, பின்னாடி நிக்கற அத்தையோட புடவைக் கரை கூர்மையா இருந்தா, அது ஃபோகஸ் தப்பு. படத்துல எந்த இடமும் கூர்மையா இல்லைன்னா ஃபோகஸ் மேல பழி போடாதீங்க, ஷட்டர் வேகம் பத்தல. நடந்து வர்ற பொண்ணை 1/60ல எடுத்தா எந்த ஜப்பான் கம்பெனியாலயும் காப்பாத்த முடியாது. 1/250க்கு ஏத்துங்க, ஐஎஸ்ஓ ஏறினா ஏறட்டும். கொஞ்சம் புள்ளி விழுந்த படத்தை வீட்டுக்காரங்க ஆல்பத்துல வச்சுப்பாங்க. ஆடின படத்தை வச்சுக்க மாட்டாங்க.

ஃபோகஸ்தான் தப்புன்னா அடுத்து மோடைப் பாருங்க. நிக்கான்ல ஏஎஃப்-சி, கேனன்ல ஏஐ சர்வோ, ரெண்டும் ஒரே வேலை. ஆள் நகர நகர ஃபோகஸும் கூடவே போகும். இதைத் தொடாம ஒத்தை ஷாட் மோடுலயே மூணு வருஷம் கல்யாணம் எடுத்த தம்பிங்களை எனக்குத் தெரியும். நோய் என்னன்னு தெரியாமலே மூணு லட்சத்துக்கு மருந்து வாங்கற மாதிரிதான் இது.

இப்ப மவுண்ட். கம்பெனிங்க உங்களைப் பிடிச்சு வச்சிருக்கற இடம் இதுதான்.

சுகர் பாக்கற மெஷின் வீட்ல இருக்கா? மெஷினை கிட்டத்தட்ட சும்மா குடுப்பான். ஸ்ட்ரிப்புல பிடிப்பான். ஒரு கம்பெனி ஸ்ட்ரிப் இன்னொரு கம்பெனி மெஷின்ல போகாது. கேமராவுல ஸ்ட்ரிப்போட இடத்துல இருக்கறது லென்ஸ். நாலஞ்சு வருஷத்துல பாடி பழசாயிடும், லென்ஸ் இருபது வருஷம் ஓடும். காசு முழுக்க லென்ஸ்லதான் இருக்கு. கேனன் ஆர்எஃப், நிக்கான் இசட், சோனி இ, மூணும் மூணு விதமான வாய். லென்ஸோட பின்பக்கத்துலேருந்து சென்சார் வரைக்கும் உள்ள தூரம்கூட வேற வேற. ஆர்எஃப் 20 மில்லிமீட்டர், சோனி 18, இசட் 16. பழைய டிஎஸ்எல்ஆர்ல உள்ள கண்ணாடிக்கு இடம் வேணும்னு இந்தத் தூரம் ரொம்ப அதிகமா இருந்துச்சு: கேனன் ஈஎஃப் 44, நிக்கான் எஃப் 46.5. அதனாலதான் பழைய லென்ஸை அடாப்டர் போட்டுப் புது மிரர்லெஸ்ல மாட்ட முடியுது. அந்த இடைவெளியில அடாப்டர் உக்காந்துக்கும்.

அதனால ஒரே கம்பெனிக்குள்ள மிரர்லெஸ்ஸுக்குப் போறது வேற, கம்பெனி மாறறது வேற. கேனன் ஈஎஃப் லென்ஸ் வச்சிருக்கறவங்க அடாப்டர் போட்டு ஆர் பாடியில மாட்டினா ஆட்டோஃபோகஸ் ஜம்முனு வேலை செய்யும். நிக்கான்காரங்களுக்கு எஃப்டிஇசட் அடாப்டர் இருக்கு. ஆனா ஒண்ணு கவனிங்க: உள்ளயே மோட்டார் இருக்கற ஏஎஃப்-எஸ் லென்ஸ்தான் அதுல ஆட்டோஃபோகஸ் ஆகும். பாடியோட மோட்டாரை நம்பி ஓடற பழைய ஏஎஃப்-டி லென்ஸ் ஆகாது, கையாலதான் திருப்பணும். கடைக்காரர் இதைச் சொல்லாம விட்டுடலாம். நீங்க கேளுங்க.

கணக்கு போடுவோம். ஒரு பாடி, 24-70, 70-200, ஒரு ஃபிளாஷ். வாங்கினப்ப மூணு லட்சம்னு வைங்க. இப்ப விக்கப் போனா ஒண்ணே கால் லட்சம் கிடைச்சா அதிர்ஷ்டம். புதுக் கம்பெனியில இதே செட்டு நாலே கால் லட்சம்னு வைங்க. மீதி மூணு லட்சத்துக்குக் கடன், 16 சதவீத வட்டி, 24 மாசம். மாசத் தவணை 14,700 கிட்ட வரும். கட்டி முடிக்கும்போது மூணு லட்சம், மூணே அரை லட்சத்தைத் தாண்டியிருக்கும். புது செட்டோட விலையில 18 சதவீத ஜிஎஸ்டி இருக்கு, அது மட்டும் 65,000 கிட்ட. ஜிஎஸ்டி பதிவு இல்லாத தம்பிக்கு அது திரும்ப வராது. வட்டியும் வரியும் சேர்த்தாலே ஒரு லட்சத்துப் பதினேழாயிரம். அந்தக் காசுக்கு ஒரு படம்கூட கூடுதலா வராது. "நோ காஸ்ட் ஈஎம்ஐ"ன்னு விளம்பரம் பாத்துட்டு வர்றவங்களுக்கு: ப்ராசஸிங் கட்டணம் இருக்கான்னு பாருங்க, வட்டிமேல ஜிஎஸ்டி இருக்கான்னும் பாருங்க.

ஆடி மாசம் முகூர்த்தம் கிடையாது. மார்கழியும் கிடையாது. புரட்டாசியில எண்ணி ஒண்ணு ரெண்டு. ராயபுரம் செயின்ட் பீட்டர்ஸ் சர்ச் பக்கத்து ஆர்டர் இருக்கறவங்களுக்குத் தவக்காலம் வரும். ஈஎம்ஐக்கு ஆடியும் தெரியாது, தவக்காலமும் தெரியாது. அஞ்சாம் தேதி வந்து நிக்கும்.

போன வருஷம் ஒரு தம்பி வயித்தெரிச்சல்னு வந்தார். முப்பதுகூட ஆகல. தூக்கம் இல்ல, பிரஷர் எகிறி இருக்கு, டீயும் வலி மாத்திரையுமா ஓட்டறார். கேட்டுக்கிட்டே போனப்பதான் கதை வெளிய வந்துச்சு. நல்லா ஓடிட்டிருந்த செட்டைப் பாதி விலைக்கு வித்துட்டு, வேற கம்பெனிக்கு மாறி, ரெண்டு இடத்துல கடன். தவணை தவறின உடனே வசூல் ஆளுங்க வீட்டு வாசல்ல நின்னு அம்மாகிட்ட சத்தம் போட்டிருக்காங்க. சரி, ஏன் மாறினீங்கன்னு கேட்டேன். "எல்லாரும் மாறிட்டாங்க சார்." அவர் எடுத்த படத்தை போன்ல காட்டினார். பழைய கேமராவுல எடுத்ததும் புதுசுல எடுத்ததும். எது எதுன்னு அவராலயே சட்டுனு சொல்ல முடியல. இரைப்பைக்கு மாத்திரை எழுதிக் குடுத்தேன், வலி மாத்திரையை நிறுத்தச் சொன்னேன். கடனுக்கு என்கிட்ட மாத்திரை இல்ல.

இதனாலதான் எனக்குக் கோவம் வருது. "கேனன்காரன்", "சோனிக்காரன்"னு ஜாதிச் சங்கம் மாதிரி பிரிஞ்சு சண்டை போடறதைப் பாத்தா இன்னும் கோவம் வருது. யாருக்காக சண்டை? நான் வச்சிருக்கற நிக்கான் டி7000, 2010ல வந்தது. அதுக்குள்ள இருக்கற 16 மெகாபிக்சல் சென்சாரைச் செஞ்சது சோனி! நிக்கானோட பல மாடல்ல இதே கதைதான். நீங்க இங்க கமெண்ட்ல ஒருத்தர் அப்பனை ஒருத்தர் இழுக்கறீங்க. அங்க அவங்க ரெண்டு பேரும் பில் போட்டு வியாபாரம் பண்ணிட்டிருக்காங்க.

விசுவாசம்னு பேசறீங்களே, கம்பெனிங்க உங்களுக்குக் காட்டின விசுவாசத்தைப் பாப்போம். 1987ல கேனன் ஈஎஃப் மவுண்டைக் கொண்டு வந்தது. அதுவரைக்கும் எஃப்டி லென்ஸ் வாங்கிக் குவிச்சவங்க கதி? புது பாடியில மாட்டாது, அவ்வளவுதான். 2018ல ஆர்எஃப் வந்தது, ஈஎஃப் மெல்ல மெல்ல ஓரங்கட்டப்பட்டது. மினோல்டா 2006ல கேமராவை விட்டே போச்சு, அந்த ஏ மவுண்டை சோனி வாங்குச்சு. 2021ல சோனியும் ஏ மவுண்ட் கேமராக்களை நிறுத்திடுச்சு. சாம்சங் 2010ல என்எக்ஸ்னு ஒரு சிஸ்டம் ஆரம்பிச்சு, 2014ல அருமையான என்எக்ஸ்1 கேமராவை விட்டுட்டு, கொஞ்ச நாள்லயே சத்தமில்லாம கடையைக் கட்டிடுச்சு. நிக்கான் மட்டும் 1959லேருந்து எஃப் மவுண்டைப் பிடிச்சுட்டு நின்னது. என் வயசை விடப் பழைய மேனுவல் லென்ஸ் ஒண்ணு என் டி7000ல இன்னும் மாட்டுது, மீட்டரும் காட்டுது. அந்த நிக்கானே 2018ல இசட்டுக்குப் போயிடுச்சு.

ஒலிம்பஸ் கதை இன்னும் சுவாரஸ்யம். 1936லேருந்து கேமரா செஞ்ச கம்பெனி. 2020ல கேமராப் பிரிவையே விக்கறோம்னு அறிவிச்சது. கம்பெனி மூழ்கிடுச்சான்னா இல்ல. வயித்துக்குள்ள விட்டுப் பாக்கற எண்டோஸ்கோப் இருக்கே, உலகத்துல அதுல பெரிய கை ஒலிம்பஸ்தான். 1950களிலேயே வயித்துக்குள்ள கேமரா விட்டவங்க. எதுல லாபமோ அதுல இருந்துக்கிட்டாங்க. அது வியாபாரம், தப்பே இல்ல. ஆனா ஒலிம்பஸ் லோகோவைக் கையில பச்சை குத்திக்கிட்ட ரசிகர்தான் நடுத்தெருவுல நின்னார்.

பிராண்டு மேல உள்ள இந்த மயக்கம் நமக்குப் புதுசு இல்ல. "கவர்மெண்ட் மாத்திரையில பவர் இல்ல சார், வெளில நல்ல கம்பெனியா எழுதிக் குடுங்க." அரசு டாக்டர் எவரைக் கேட்டாலும் வாரத்துக்கு நூறு தடவை இதைக் கேக்கறதாச் சொல்வார். 1994ல தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் வந்ததிலேருந்து மாநிலத்துக்கே மொத்தமா, மருந்தோட பேரைப் பாத்து, தரப் பரிசோதனை பண்ணி வாங்கறாங்க. கம்பெனி பேரைப் பாத்து வாங்கறது இல்ல. மெட்ஃபார்மின் மெட்ஃபார்மின்தான். டப்பாவோட கலரை வச்சு சுகர் இறங்காது. இதையே காது வலிக்கச் சொல்லிட்டிருக்கற எனக்கு, கேமரா டப்பா விஷயத்துல மட்டும் வேற நியாயம் பேசத் தெரியல.

ஆனா மாறவே கூடாதான்னா, அப்படியும் இல்ல. மாத்த வேண்டிய நேரத்துல மாத்திரையை மாத்தாத டாக்டரும் மோசமான டாக்டர்தான்.

வீடியோதான் உங்க முக்கிய வருமானம்னா, பழைய டிஎஸ்எல்ஆர்ல வீடியோ ஆட்டோஃபோகஸ் தொல்லை நெசமான தொல்லை. மிரர்லெஸ் வேணும். கழுத்து, மணிக்கட்டு வலியோட இருக்கறவங்க, கனத்தைக் குறைக்க மாறலாம். ஆனா சின்ன பாடி வாங்கிட்டு அதுல பழையபடி ஒன்றரைக் கிலோ 70-200ஐ மாட்டினா வலி எங்கயும் போகாது. உங்க சிஸ்டத்துக்கு சர்வீஸே கிடைக்கலைன்னா மாறித்தான் ஆகணும். அப்படிப் புதுசா போறவங்களுக்கு ஒரு நியாயமான தகவல்: சோனி 2011லயே இ மவுண்டோட அடிப்படை விவரங்களை மத்த கம்பெனிகளுக்குத் திறந்து விட்டது. அதனாலதான் டாம்ரான், சிக்மா லென்ஸ் அதுல கொட்டிக் கிடக்கு, விலையும் கொஞ்சம் குறைவு. கேனன் ஆர்எஃப்ல கதவை ரொம்ப நாள் இறுக்கி மூடி வச்சிருந்து, 2024லதான் சிக்மா, டாம்ரானுக்கு, அதுவும் சின்ன சென்சார் லென்ஸுக்குத் திறந்தாங்க. முதல் கேமரா வாங்கறவங்க இதைக் கணக்குல எடுத்துக்குங்க. ஏற்கெனவே செட்டு இருக்கறவங்க இதை ஒரு சாக்கா எடுத்துக்காதீங்க.

"பெரிய ஸ்டூடியோ டீம்ல கூப்பிடறாங்க, எல்லாரும் சோனியே கொண்டு வரணும்னு சொல்றாங்க." நிறையப் பேர் சொல்ற காரணம் இது. கலர் ஒத்துப் போகணும், பேட்டரி மாத்திக்கணும்னு அவங்க கேக்கறதுல நியாயம் இருக்கு. அதுக்கு வாடகைன்னு ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு நாளைக்கு எடுங்க, வாடகையை அவங்க பில்லுல சேருங்க. சேக்க மாட்டோம்னு சொன்னா, உங்க தலையில அவங்க முதலீட்டைக் கட்டறாங்கன்னு அர்த்தம். அப்படியே பத்து பதினஞ்சு ஆர்டர் வாடகையில ஓட்டிப் பாத்தா, அந்தக் கேமரா உங்களுக்கு நெசமாவே வேணுமான்னு கையே சொல்லிடும்.

கைன்னதும் இன்னொண்ணு. நிக்கான் லென்ஸை மாட்டற திசையும் கேனன் லென்ஸை மாட்டற திசையும் நேர் எதிர். சக்கரம், பட்டன் எல்லாம் இடம் மாறும். விரலுக்குப் பழக மாசக் கணக்காகும். மூணு முடிச்சு போட எவ்வளவு நேரம் ஆகும்? அதுக்குள்ள விரல் பழைய கேமராவோட பட்டனைத் தேடினா, அந்தத் தாலிக்கு ரீடேக் கிடையாது. கூடவே, சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரை ஆசையா போட்டுட்டு மண்டபத்து எல்இடி விளக்குல எடுத்தா படத்துல பட்டை பட்டையா கோடு விழும். புதுசா மாறினவங்க முதல் கல்யாணத்துலயே இதுல மாட்டிக்கறாங்க. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாத்திக்குங்க.

நம்ம ஏரியாவுல லென்ஸைக் கொல்றது வேற கம்பெனி இல்ல, காத்து. காசிமேட்டுல உப்புக் காத்து. அத்திப்பட்டு, செப்பாக்கம் பக்கம் அனல்மின் நிலையச் சாம்பல். அந்தச் சாம்பல்ல பெரும்பகுதி சிலிக்காவும் அலுமினாவும், நுணுக்கின கண்ணாடித் தூள் மாதிரி. லென்ஸ் மேல படிஞ்சா சட்டை நுனியால துடைக்கவே துடைக்காதீங்க, கீறிடும். முதல்ல ஊதற பல்பால ஊதிட்டு, அப்புறம் துணி. அங்க வெட்டவெளியில லென்ஸ் கழட்டாதீங்க. (இதே சாம்பலைத்தான் அந்த ஊர் சனங்க மூச்சுல இழுக்கறாங்க. அதுக்குத் தனி த்ரெட் எழுதறேன்.) கடல்லேருந்து வந்ததும் லேசா ஈரத்துணியால பாடியைத் துடைச்சுக் காய வைங்க. மழைக்காலம் முடியறதுக்குள்ள பையிலயே கிடக்கற லென்ஸுக்குள்ள ஃபங்கஸ் வலை பின்னிடும். உடம்புல படர்தாமரை எப்படி வருதோ அப்படித்தான், ஈரமும் இருட்டும் போதும். காத்துப் புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சின்ன ஈரப்பத மீட்டர். 40லேருந்து 50 சதவீதத்துக்குள்ள வச்சா போதும். சிஸ்டம் மாத்தற காசுல நூத்துல ஒரு பங்குகூட ஆகாது.

2017 ஜனவரியில எண்ணூர் துறைமுகத்துக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்ப, பக்கெட்டுல எண்ணெய் அள்ளின படத்தை உலகமே பாத்துச்சு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வெள்ளத்தோட மணலி எண்ணெய் கொசஸ்தலை ஆத்துக்குள்ள வந்து எண்ணூர் சனங்க வலை, படகு எல்லாம் கறுப்பாச்சு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல கடலடிக் குழாயிலேருந்து அம்மோனியா கசிஞ்சப்ப சனங்க மூச்சுத் திணறி நடுராத்திரியில ரோட்டுக்கு ஓடி வந்தாங்க. கடல்ல குமிழி பொங்கின வீடியோ போன்லேருந்து போனுக்குத்தான் பரவுச்சு. எந்த மவுண்ட்னு யாரும் கேக்கல. பாரி இணையதளத்தோட புகைப்படக் கலைஞர் எம். பழனி குமார், மீனவர் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் தூய்மைப் பணியாளர் வீட்டுப் பிள்ளைங்களுக்கும் கேமரா சொல்லிக் குடுத்துட்டு வர்றார். சினிமாவுல நம்ம ஏரியான்னாலே கத்தியும் ரத்தமும்தான். இங்க பொறந்தவங்க கையில கேமரா இருந்தாத்தான் வேற படம் வரும். அந்தக் கேமரா தவணை கட்ட முடியாம அடகுக் கடை அலமாரியில போய் உக்காந்தா எனக்கு வயிறு எரியுது.

இதுக்கு அப்புறமும் "கேனனா சோனியா"ன்னு கேக்கப் போறவங்க, கேள்வியோட மூணு விஷயத்தையும் சேர்த்து அனுப்புங்க. உங்க கேமராவால எடுக்க முடியாமப் போன ஒரு படம், அதோட ஷட்டர் வேகம் ஐஎஸ்ஓவோட. போன ஆடி மாசம் வீட்டுக்கு எவ்வளவு வருமானம் வந்துச்சுன்னு. இப்ப ஓடிட்டிருக்கற கடன் எவ்வளவுன்னு. டூட்டி இல்லாத ஞாயித்துக்கிழமை உக்காந்து ஒவ்வொண்ணா பாத்து பதில் போடறேன்.